ஒன்பதுக்கு ஒரு மூச்சு

ஆண்டுத் தொடக்கத்தில் நான் எழுதிய திட்டத்தில்
பதினான்கு மரபுகள் இருந்தன.
கொடியேற்றம், முடிச்சுப் போட்டி, பறவைக் கணக்கு,
மாதம் ஒரு மலையேற்றம்.
தில்லியில் மலை எங்கே என்று
அப்போதே கேட்டாள் குர்லீன்.
லோதி சாலை அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில்,
பச்சை மசியில் கோடிழுத்துத் தயாரித்தது.
தீபாவளிக்குள் பன்னிரண்டு செத்தன.

பிழைத்தது திட்டத்திலேயே இல்லாத ஒன்று.

டிசம்பர். ஐந்தரைக்கே இருட்டு.
சஞ்சய் வனத்துக் காவலர் வந்து
தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார்.
ஆர்.கே.புரத்திலிருந்து நடந்தே வந்த பதினேழு பேர்
அடுக்கிய சுள்ளியைச் சுற்றிப்
பற்கள் தந்தியடிக்க நின்றார்கள்.
எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேல்;
ராமநாதபுரத்தை விட்டு இத்தனை தூரம் வந்தும்
என்னை விடவில்லை அந்த முள்.

சாமுவேல் துரைசிங்தான் கழுத்துத் துணியைக் கழற்றினான்.
டார்ச்சைச் சுள்ளிக்குள் நட்டு
மேலே போர்த்தினான்.
ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொய் எரிந்தது.
பிலால் சிரித்தான். அப்புறம்
கையை நீட்டிக் குளிர்காய்ந்தான்.
யாரோ புகை என்று கண்ணைக் கசக்கினார்கள்.
நாச்சம்மை அதில் சோளம் வாட்டி,
பச்சையாகவே மென்று,
"கருகிப்போச்சு" என்றாள்.
காவலர் போகவில்லை.
தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
உள்ளங்கை இரண்டையும் காட்டினார்.

மறுவருடம் முகாம் திடலில்
நிஜ நெருப்புக்கு அனுமதி வாங்கினேன்.
மூன்று கையெழுத்து, ஒரு முத்திரை.
பிள்ளைகள் விறகைப் பார்த்தார்கள்,
என்னைப் பார்த்தார்கள்.
"அதெல்லாம் சரிக்கா, டார்ச் எங்க?"

சாமுவேல் அதற்குள் போய்விட்டிருந்தான்.
அப்பாவுக்கு மாற்றல், குவாஹாட்டி.
இந்த ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான்,
சைக்கிளை விற்றுவிட்டுப் போவார்கள்.
அவன் எண் ஒன்பது.
ஜூலையில் வரிசை எண்ணும்போது
நாச்சம்மை எட்டு என்றாள்.
அடுத்து நின்ற பிலால் வாய் திறக்கவில்லை,
ஒரு மூச்சு அளவு.
பிறகு, பத்து.
யாரும் சொல்லித் தரவில்லை.
பதிவேட்டில் பதினாறு என்றுதான் எழுதுகிறேன்;
வாய் பதினேழு வரை போகிறது.

போன ஞாயிறு காலை, லால் கோட் இடிசுவரடியில்,
பக்கத்து முகம் தெரியாத பனிமூட்டம்.
புதிதாகச் சேர்ந்த இலக்கியா
எட்டுக்கு அருகில் போய் நின்று
உரக்க, நல்ல பிள்ளையாக,
"ஒன்பது" என்றாள்.

எண்ணிக்கை நின்றது.
எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.
என் கோப்பில் இதற்குப் பக்கமே இல்லை.

"அது காலி இல்ல," என்றான் பிலால்.
கொஞ்சம் யோசித்து,
"நீ பத்து. நான் கடைசிக்குப் போறேன்."

மறுபடி ஒன்றிலிருந்து.
எட்டு.
இலக்கியா மூச்சை இழுத்தாள், விட்டாள்.
வெள்ளையாய் ஆவி
நாச்சம்மையின் தோள் வரை போய்க்
கொஞ்சம் நின்றது.

பத்து.