வெறும் வயிறு

"ஏதும் சாப்பிட்டனீங்களோ?"
"இல்லைப் பிள்ளை. நேற்று இரவு எட்டுக்குப் பிறகு
ஒண்டும் வாயில வைக்கேல்லை."

கொக்குவிலில் இருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்.
படிவத்தில் தர்மகுலசிங்கம், வயது அறுபத்தொன்று.
இறப்பர்ப் பட்டியைக் கட்டி நாளம் தேடினேன்.
ஊசிக்குப் பயப்படாத கை,
இருபத்தெட்டு வருசம் டிக்கெட் கிழித்த கை.

ஆஸ்பத்திரி வீதியில் எங்கள் ஆய்வுகூடம்
ஆறரைக்கே திறந்துவிடும்.
பசியோடு வந்தவர்கள் வாங்கில் நெருக்கியிருப்பார்கள்.
பசித்தவர் பொய் சொல்லமாட்டார் என்று
வேலைக்கு வந்த புதிதில் நினைத்திருந்தேன்.

சுழல்பொறி பத்து நிமிடம் சுற்றி ஓய்ந்தது.
மற்றக் குழாய்களில் மேலே தெளிந்து நின்றது
வைக்கோல் நிறத்து நீர்.
இவருடையதில் கஞ்சித்தண்ணி.

திரும்பக் கூப்பிட்டேன்.
"ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ."
"சாப்பிடேல்லை எண்டு சொன்னனெல்லோ."
"குடிச்சது?"
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
"நல்லெண்ணெய். அரைக் கிளாஸ். நாலரைக்கு.
அது சாப்பாடில்லைப் பிள்ளை.
அது நல்லது."

பிறகு, பைக்குள் இருந்து எடுத்து மேசையில் வைத்தார்
ஒரு கால்போத்தல். சுன்னாகத்து மில்லில் பிழிந்ததாம்.
அதன் பழைய லேபிளில் சாராயத்தின் பெயர்
பாதி உரிந்திருந்தது.
"என்னை விடுங்கோ. இதைச் சோதிச்சுப் பாருங்கோவன்."

என் இயந்திரத்துக்கு இரத்தம் மட்டுமே தெரியும்.
எள்ளின் நெய்தான் எண்ணெய் என்பது அதற்குத் தெரியாது.
தேங்காய்க்கும் கடலைக்கும் தன் பெயரைக் கடன் கொடுத்து,
லாம்புக்கு ஊற்றும் மண்ணுக்குக்கூடக் கொடுத்து,
ஒருநாள் எள் தன் பெயரைத் திருப்பிக் கேட்டபோது
கையிருப்பில் மிஞ்சியிருந்தது
'நல்ல' என்ற ஒரு சொல்தான்.
அந்தச் சொல்லை நம்பியா அரைக் கிளாஸ்?
படமெடுக்கும் பாம்பையும் நாங்கள்
நல்ல பாம்பு என்றுதானே சொல்கிறோம்.

சொன்னேன்: எள்ளில் கொலஸ்திரோல் இல்லை ஐயா,
அதைச் செய்வது உங்கள் ஈரல்.
தேங்காயெண்ணெய்க்குப் பதிலாக என்றால்
இருதயத்துக்குக் கொஞ்சம் ஆறுதல்.
அதற்கும் மேலாக என்றால், மேலதிகம்தான்.
ஒரு மேசைக்கரண்டிக்கு நூற்றிருபது கலோரி,
நல்லதுக்கும் அதே கணக்கு.

"அப்ப சனிக்கிழமையில சனீஸ்வரனுக்கு?
அவருக்கு ஒரு டொக்டரும் தடை சொல்லேல்லையே?"
"அவர் குடிக்கேல்லை ஐயா, எரிக்கிறார்.
நீங்களும் எரியுங்கோ,
முற்றவெளியைச் சுத்தி நடந்து."
சிரித்தார். வாங்கில் இருந்த ஒரு பெண்ணும் சிரித்தாள்,
பசியோடு.

சொல்லாமல் விட்டதும் உண்டு.
நான் படித்த காலத்தில் தேங்காய் குற்றவாளி.
பிறகு யாரோ அதை விடுதலை செய்தார்கள்.
பிறகு மேன்முறையீடு.
தீர்ப்பு வரும்வரைக்கும் எங்கள் வீட்டில்
மூன்று வேளையும் உலை கொதித்தது.

மறுநாள் உண்மையாகவே வெறும் வயிற்றோடு வந்தார்.
எச்சில்கூட விழுங்கவில்லை என்று சத்தியம் செய்தார்.
நீர் தெளிந்தது. எண் தெளியவில்லை:
இருநூற்று அறுபத்தெட்டு.
"நல்லதோ?" என்றார்.
அது நான் சொல்லக்கூடாத சொல்.
கடித உறையை ஒட்டிக் கொடுத்தேன், டொக்டரிடம் போங்கோ என்று.

போத்தலை விட்டுவிட்டுப் போயிருந்தார்.
மறந்தாரோ, கைக்கூலியோ, தெரியவில்லை.

இரவு ஏழு மணி. மூடியைத் திறந்ததும்
குசினி முழுக்க வறுத்த எள் எழுந்து நின்றது.
கத்தரிக்காயை நீளமாக அரிந்து தாச்சியில் போட்டு
ஒரு கரண்டி. ஒன்றே ஒன்று. அளந்துதான் ஊற்றினேன்.
அவ்வளவையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு
கத்தரிக்காய் என்னைப் பார்த்தது,
நேற்றிரவு எட்டுக்குப் பிறகு
ஒண்டும் வாயில் வைக்காதது போல.