சதுப்பில் ஒரு துறைமுகம்

குவோவினோயாவில் விரைவு ரயில் நிற்பதில்லை.
அன்றும் நின்றதில்லை.
ஹெல்சிங்கிக்குப் பதினேழு நிமிடம்.
பால் கேன் ஏற்றிவிட, வெறும் கேனை இறக்கிக்கொள்ள
ஒரு நடைமேடை,
ஒரு மரமில், நாற்பத்தொரு புகைபோக்கி.
நான் ஊராட்சி எழுத்தர்.
இடது கால் குட்டை என்பதால்
போர்முனைக்கு ஆகாதவன்.

நாற்பத்து நான்கு பிப்ரவரியில்
பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்தார் லெப்டினன்ட் அல்கிரேன்.
கைத்தடியால் சதுப்பின் பனியில் கோடு கிழித்தார்:
இது துறைமுகம்.
இது ரயில் நிலையம்.
இங்கே தெருக்கள். கொஞ்சம் கோணலாக இருக்கட்டும்,
நிஜ ஊர் எதுவும் நேராக எரிவதில்லை.

தார்ப் பீப்பாய், ஈர வைக்கோல், மில்லின் மரத்தூள்.
அபாயச் சங்கு ஊதினால் தலைநகர் கண்ணை மூடிக்கொள்ளும்.
அப்போது நாங்கள் பற்றவைக்க வேண்டும்.
ஆண்கள் எல்லையில்;
பெண்களும் பையன்களும் நானும்
யாரிடமும் சொல்வதில்லை என்று
கையெழுத்துப் போட்டோம்.

சிரிக்கவும் செய்தோம்.
சைமி ராஸ்டஸ் தன் உருளைக்கிழங்கு வயலைக் காட்டி,
"நகரத்தில் ஓர் அறை வாடகைக்குக் கேட்டபோது
என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.
இப்போது பாருங்கள், கடற்கரைச் சாலையே என்னுடையது" என்றாள்.

முதல் இரவு வந்தார்கள். நம்பினார்கள்.
சேறு குண்டுகளை விழுங்கி
நின்று நின்று ஏப்பம் விட்டது.
நிலைய அதிகாரி ஹெட்மன்
ரயில்களை எண்ணும் அதே பென்சிலால்
சுவரில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.
விடிந்தபோது பனி கறுப்பு.
எங்கள் பற்களும் கறுப்பு.
தூரத்தில் ஹெல்சிங்கியின் கோபுரங்கள்
ஒன்றுமே கேட்காதவைபோல நின்றன.

பத்து நாள் கழித்து மறுபடி.
ஹெட்மன் வீட்டுச் சவுனா போயிற்று,
ஜன்னல்கள் போயின,
கொட்டகை சரிந்து ஓமெனா என்ற சிவப்புப் பசு போயிற்று.

மூன்றாம் முறை காற்று மாறியது.
துறைமுகத்தில் நான்கு பீப்பாய் அணைந்துவிட்டன.
ஊர் அப்படிப் பாதியில் அணையாது,
மேலே இருப்பவனுக்குச் சந்தேகம் வரும் என்று
யாரும் சொல்லவில்லை.
ஆர்வோ ராஸ்டஸ் தானாகவே
மண்ணெண்ணெய்க் கேனோடு ஓடினான்.
பதினைந்து வயது.
அப்பாவின் காலணி, முனையில் செய்தித்தாள் திணித்தது.
யாரும் சொல்லவில்லை என்றுதான்
அறிக்கையில் இருக்கிறது.
நான் எழுதிய அறிக்கை.

ஏப்ரலில் நஷ்டஈட்டுப் பேரேடு வந்தது.
காரணம் என்ற பத்தியில் இரண்டே சொல்லுக்கு அனுமதி:
எதிரி. விபத்து.
எதிரி தாக்கியது ஹெல்சிங்கியை.
குவோவினோயாவை யாரும் தாக்கவில்லை.
சவுனா, விபத்து.
பசு, விபத்து.
அடுத்த வரிக்குப் பேனாவைத் தொட்டேன்.
மை உறைந்திருந்தது என்று சொல்ல ஆசைதான்.
ஏப்ரல் அது. நன்றாகவே எழுதியது.

சதுப்பில் இப்போது குளங்கள்.
கோடை ஞாயிறுகளில் நகரத்தார் நீந்த வருகிறார்கள்,
துண்டு, கூடை, குழந்தைகளோடு;
ஆழம் தெரியாமல் குதிக்கிறார்கள்.
நுழைவுச் சீட்டு கிழிப்பது நான்.
கரையில் சைமி காபி விற்கிறாள்.
என்னிடம் சில்லறை மாற்றுவாள்,
பேச்சு மாற்றமாட்டாள்.

போன வாரம், தலைமுடி சொட்டச் சொட்ட
ஒரு பெண் கோப்பைக்குக் கை நீட்டியபடி கேட்டாள்:
"இவ்வளவு வட்டமாக இதையெல்லாம் யார் வெட்டியது?"

சைமி என் பக்கம் திரும்பினாள்.
எட்டு வருடத்தில் முதல் தடவை.
பிறகு அவளிடம்,
"உங்கள் முகவரிக்கு வந்தவை.
நாங்கள் வாங்கி வைத்தோம்.
சர்க்கரை எத்தனை?"