நிமிசத்துக்குப் பன்னிரண்டு லிட்டர்

மெஷினில் இருப்பது ரெண்டே திருகு.
ஒன்று வோல்டேஜ், ஒன்று கம்பி வருகிற வேகம்.
ரெண்டுதானே என்று நினைத்தேன்.
கல்யாணத்திலும் ரெண்டே பேர்தான்.

பல்லடத்துக்கு மேற்கே
கோழித் தீவனத் தொட்டி செய்கிற ஷெட்.
பழகிக்கொள்ளக் கொடுத்தது ரெண்டு எம்எம் தகடு,
நூறு துண்டு. ஆம்பளைக் கையுறை ஒரு ஜோடி.
அதற்குள் என் விரல்கள்
அடுத்தவர் வீட்டில் தங்கிய மாதிரி கூசின.

வோல்டேஜைக் கூட்டினேன்.
தகடு இளகி ஓட்டை விழுந்தது,
அதன் வழியே யாரோ ஒருவரின் செருப்பு தெரிந்தது.
கம்பியைக் கூட்டினேன்.
உருக நேரமில்லாமல் தகட்டில் மோதி
கையைப் பின்னுக்குத் தள்ளியது,
கொம்பு முளைக்கிற கிடாக்குட்டி.
ரெண்டையும் குறைத்தேன்.
மேலாகப் படுத்துக்கொண்டது இரும்பு,
அழகாக, புழு மாதிரி, உள்ளே இறங்காமல்.
குழந்தைச்சாமி சுத்தியலால் ஒரு தட்டு.
ரெண்டாகப் போயிற்று.
"இது ஒட்டவெச்சதுங்க. பத்தவெச்சதில்லை."

பிபூதி ஒடிசாக்காரன். வந்து எட்டு மாசம்.
அவனுக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்:
"அக்கா, பாக்காதே. கேளு."
நான் பிடித்திருக்க, அவன் திருகைத் திருப்பினான்.
பட். பட். பட்.
அப்புறம் இழுத்து ஒரு சீறல்.
அப்புறம், நடுவில் எங்கேயோ,
விடாமல், சீராக, தகரத்தில் மழை பிடித்த மாதிரி.
கேட்கத் தெரியும் எனக்கு.
பதினோரு வருசம் சோமனூரில் எட்டுத் தறி ஓட்டினவள்.
இழை அறுந்ததைக் கண்ணுக்கு முன்னால்
காது சொல்லிவிடும்.
நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து
வோல்டேஜ் பதினெட்டுக்கு நேராக ஒட்டினேன்.
பையிலிருந்து இன்னொன்று, கம்பிக்கு.

ஆடி பிறந்தது.
நான் போட்டதெல்லாம் பூச்சி தின்ற கத்தரிக்காய்.
மேலே பார்த்தால் பற்று, உடைத்தால் பொத்தல் பொத்தலாக.
பெயின்டைச் சுரண்டி எர்த்தைக் கடித்துவைத்தேன்.
நுனியை மாற்றினேன். மூக்கில் ஒட்டிய பொறியைத் தட்டினேன்.
பொட்டு நகரவில்லை. சத்தமும் சரி.
கேஸைப் பதினெட்டு லிட்டருக்குக் கூட்டினேன்,
"சிலிண்டர் என்ன வாய்க்கால் தண்ணியா" என்றார் குழந்தைச்சாமி.
ரெண்டு நாள்
என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் முகமூடியைத் தூக்கினபோது
புகை நேராக ஏறவில்லை.
முழுக்கக் கிழக்கே சாய்ந்திருந்தது.
தொட்டி பாதி வெளியே நிற்பதால்
இறக்க முடியாத ஷட்டர். அது வழியாக
பாலக்காட்டுக் கணவாயிலிருந்து புறப்பட்ட காத்து
காசு கொடுத்து வாங்கின கேஸைச் சும்மா வாங்கிக்கொண்டு
காங்கேயம் போகிறது.

பழைய சாமான் மூலையில்
பூப்பு நன்னீராட்டு விழா ஃப்ளெக்ஸ் ஒன்று கிடந்தது.
அங்கிட்டு ஒரு முனை, இங்கிட்டு ஒரு முனை,
தீப்பொறி எட்டாத தூரத்தில் கட்டினோம்.
தாய்மாமன்மார் பதினான்கு பேர்
கைகூப்பிக் காத்துக்கு மறைவாக நின்றார்கள்.
கேஸ் பழையபடி பன்னிரண்டு.
நுனிக்கும் தகட்டுக்கும் ஒரு விரல் அகலம்.
மூச்சைப் பிடிக்காமல், தள்ளிக்கொண்டே போனேன்.

குழந்தைச்சாமி வைஸில் கடித்து அடித்தார்.
மடங்கியது. இன்னொரு அடி. இன்னும் மடங்கியது.
ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போனார்.

மறுநாள் காலை மெஷினில்
சிவப்புக்குக் கொஞ்சம் மேலே ஒரு பச்சைப் பொட்டு.
மூணு எம்எம்முக்கு, என்றான் பிபூதி.
எந்தக் கடையில் போய்
என்னவென்று கேட்டு வாங்கினான் என்று
நான் விசாரிக்கவில்லை.