நாலரை மணி வான்

டண்டினோங் ரயிலடிக்குப் பின்னால்
நாலரைக்கு வரும் வான்.
இருட்டில் ஏறும் ஐந்து பேருக்கும் முகமில்லை,
சோற்றுப்பெட்டி உண்டு.
கரட் கழுவிப் பொதிகிற வேலை.
கூ வீ ரப் நெருங்கும்போதுதான்
ஒவ்வொரு முகமாக விடியும்.

வானொலியில் எல்லையைப் பற்றிப் பேசுகிறார்கள்.
எல்லை, கப்பல், நீர்மூழ்கி,
பிறகு மறுபடியும் எல்லை.
ஓட்டுகிற சத்தியபவான் சத்தத்தைக் கூட்டுகிறார்.
"நாட்டைக் காக்க ஒரு ஆம்பிளை வேணும், பாருங்கோ."
வேலிக்கம்பியில் கட்டிய பலகையில்
அந்த ஆம்பிளையின் பல்
வான் வெளிச்சம் பட்டு மின்னிப் போகிறது.
கிலோமீற்றருக்கு ஒரு சிரிப்பு.

"மற்றவளில என்ன குறை?"
குஞ்சரமலர் அக்கா.
"ஆஸ்பத்திரிக்குக் காசு தாறன் எண்டவள்.
போன மாதம் எனக்கு மூச்சு முட்டேக்க
ஆறு மணித்தியாலம் கதிரையில இருத்தினவங்கள்.
எந்த நீர்மூழ்கி வந்து என்னைத் தூக்கினது?"

பராத் அலிக்குத் தமிழ் தெரியாது.
வானொலி எல்லை என்கிறபோதெல்லாம்
கம்பளித் தொப்பியை
இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொள்வான்.

"இனி ஒரு படகும் வரக்கூடாது.
அந்தாள் சொல்லுறது சரி."
சொன்னது துசிகரன்.
இருபத்திரண்டு நாள் கடலில் கிடந்து வந்தவன்.
ஆறு மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கிற கடதாசியில்
பதின்மூன்று வருசமாக மூச்சு விடுகிறவன்.

"உன்ர ரெண்டு காலையும் உள்ளுக்கு வைச்சாப் பிறகோ
கதவைப் பூட்டுறது, தம்பி?"
அக்கா கேட்டேவிட்டார்.

நேற்றைய சேற்றின் மணம் மட்டும் வானுக்குள்.
கனநேரம் கழித்து
கண்ணாடிக்குச் சொல்வதுபோல் சொன்னான்:
"ஏறேக்க தொண்ணூற்று மூன்று பேர்.
இறங்கேக்க நான் எண்ணினனான்.
அதாலதான் சொல்லுறன்."

எத்தனை என்று சொல்லவில்லை.
சத்தியபவான் வானொலியை நிற்பாட்டினார்.
அந்தப் பலகையின் பல் மட்டும்
வழிநெடுக வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை வேலை முடிந்து
சேற்றுச் சப்பாத்தோடு பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றோம்.
ஐந்து பேரில் மூன்று பேருக்குத்தான் வாக்கு.
எனக்கு இது முதல் முறை.
மற்ற இருவரும் வேலியோரம்.
பராத் அலி
இறைச்சி வேண்டாம் என்று கையால் காட்டி
வதக்கிய வெங்காயத்தோடு பாண் வாங்கித் தின்றான்.

மட்டை மறைப்புக்குள்
நூலில் கட்டிய ஒரு பென்சில்.
பச்சைத் தாளில் ஆறு பெயர், ஆறு பெட்டி.
மேற்சபைத் தாளோ படுக்கை விரிப்பு.
ஒன்று போட்டேன். இரண்டு போட்டேன்.
ஆம்பிளைக்கு வந்தபோது
தொண்ணூற்று மூன்று என்று எழுதப்போன கையை
இழுத்துப் பிடித்தேன்.

வெளியே வந்து விரலைப் பார்த்தேன், பழக்கதோஷம்.
மை இல்லை.
எங்கள் ஊரில் அந்த மைக்கு
இரண்டு பக்கமும் கணக்குக் கேட்டார்கள்,
இருந்தால் ஒருத்தன், இல்லாவிட்டால் மற்றவன்.
இங்கே வாக்குப் போடாவிட்டால்
இருபது டொலர் தண்டம், தபாலில் வரும்.

சத்தியபவான் பிந்தித்தான் வந்தார்.
ஒரு தாளைப் பிழையாக்கி
இன்னொன்று கேட்டு வாங்கினாராம்.
அக்கா சிரித்துச் சிரித்து
மருந்துப் பம்பைத் தேடினார்.

"பென்சிலாலயோ எழுதினது?" துசிகரன் கேட்டான்.
"ஓம்."
"ஆரும் அழிச்சால்?"
"அழிக்கமாட்டாங்களாம்."

அவன் பாணின் கடைசித் துண்டை
வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தான்.
"என்ர கடதாசியில எல்லாம் மையாலதான் கிடக்கு.
ஆறு மாதத்தில அழிஞ்சு போகுது."

பிறகு,
"அந்தாளுக்கு எத்தினையாம் நம்பர் போட்டனீங்கள், அக்கா?"

"சொல்லமாட்டன்."

"நல்லது" என்றான்,
"ஆருக்கும் சொல்லாதேங்கோ."

திங்கள் நாலரை என்று
சத்தியபவான் ஹோர்ண் அடித்தார்.