இடைநேரம்

வல்கா நகரத்தில், லாத்விய எல்லைக்கு
நானூறு மீட்டர் இப்பால், அந்தக் காப்பகம்.
மஞ்சள் கட்டடம். வாசலில் கரி படிந்த பனி.
எட்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன்,
பூட்ஸுக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு,
கையில் படிவம்.

நாற்பத்தொரு கட்டங்கள்.
கழிப்பறையில் சோப்பு. உண்டு.
கஞ்சியின் சூடு. சரி.
தூங்கும் மெத்தைகளுக்கு நடுவே இடைவெளி. சரி.
சுவர்ப் படங்கள் குழந்தைகளின் கண்மட்டத்தில்.
கொஞ்சம் உயரம், போகட்டும், சரி.

இருபத்தாறாவது கட்டம்: இடைநேரம்.
ஒரு செயல் முடிந்து மறு செயல் தொடங்கும்வரை
கற்றலின்றிக் கழியும் நிமிடங்கள்.
பத்துக்கு மேல் போனால் காரணம் குறிப்பிடவும்.

பத்து மணிக்கு வெளியே விளையாட்டு.
பதினான்கு பேர். இருபத்தெட்டு பூட்ஸ், இருபத்தெட்டு கையுறை.
உலர்த்தும் அலமாரியைத் திறந்ததும்
நேற்றைய கம்பளியிலிருந்து ஆட்டு வாடை.
ஹெல்யே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
(முழங்கால் வலி, எழுவதுதான் பாடு என்று பிறகு சொன்னாள்.)

உக்குவுக்கு மூன்று வயது, இரண்டு மாதம்.
ஜிப்பின் அடிமுனையைப் பொருத்துகிறான்.
நழுவுகிறது.
பொருத்துகிறான்.
நாக்கு வெளியே வந்து உதட்டோரம் காத்திருக்கிறது.
ஹெல்யேயின் கை நீளவில்லை.
இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து
அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்,
பிறத்தியார் அடுப்பில் பால் பொங்கப்போவதைப்
பார்த்துக்கொண்டிருப்பவள் போல.
"எங்க மாட்டுது?" என்றாள் ஒரே ஒரு தடவை.
அவன் பதிலை ஜிப்பிடம் சொன்னான்.

மற்றவர்களுக்கு வேர்த்தது.
ஒருத்தி கையுறையைச் சப்பினாள்.
தொப்பிக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள்;
தொப்பி மூன்றாமவனுடையது என்று தெரிந்ததும்
இருவருமே சிரித்தார்கள்.
என் கைக்கடிகாரத்தில் ஏழு, எட்டு, ஒன்பது.
பேனா தயாராக இருந்தது.

பதினோராவது நிமிடத்தில் பல்லோடு பல் சேர்ந்து
சர்ரென்று கழுத்துவரை ஏறியது.
தாடைத் தோலைக் கொஞ்சம் கவ்வியது. அழவில்லை.
நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை.
விறுவிறுவென்று கீழே இறக்கினான்,
மறுபடியும் ஏற்றுவதற்கு.

கதவருகே கைரே எண்ணினாள்: பதின்மூன்று.
திரும்ப எண்ணினாள். பதின்மூன்றுதான்.

மதரா கோட்டுகளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்,
என் ஸ்டூலிலிருந்து இரண்டடி தள்ளி.
பூட்ஸ், கையுறை, கழுத்துவரை ஜிப்,
தாடைக்குக் கீழே தொப்பி நாடாவில் முடிச்சு.
முதல் ஆளாக முடித்திருக்க வேண்டும்.
முடித்ததைச் சொல்ல
அவளிடம் இருந்தது அந்தப் பக்கத்து மொழி மட்டும்.
வீடு எல்லைக்கு அப்பால். சேர்ந்து ஒன்பது நாள்.

ஹெல்யே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.
லாத்விய மொழியில் 'தயாரா?' என்றாள்.
உச்சரிப்பு பிசகு போலிருக்கிறது.
மதரா அந்தச் சொல்லைத் திருத்தினாள்.
ஹெல்யே சொன்னாள். இன்னும் பிசகு.
மதரா கையுறையைக் கழற்றினாள்;
இந்த வேலைக்கு விரல் தேவை என்பது போல
ஹெல்யேயின் வாயருகே ஒரு விரலை நீட்டி
மெதுவாக, உடைத்து உடைத்துச் சொன்னாள்.
மூன்று நிமிடம். வாசலில் பதின்மூன்று பேர்
கதவை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதிக்கங்க," என்றாள் ஹெல்யே என்னிடம்.
"நான் அவளைப் பார்க்கல.
நீங்களும்தான் பார்க்கல. ஆனா அதுக்கு உங்ககிட்ட கட்டம் இருக்காது."

இருக்கவில்லை.
இருபத்தாறில் பதினேழு என்று போட்டேன்.
காரணத்துக்கு விட்டிருந்த இடம் கட்டைவிரல் அகலம்.
'ஜிப்' என்று எழுதினேன்.
மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்,
இது ஏதாவது கல்வித்திட்டத்தின் சுருக்கப் பெயரா என்று.

மதராவைப் பற்றி, என்னைப் பற்றி,
அந்த இரண்டடி தூரத்தைப் பற்றி
தாளைத் திருப்பி எழுதியிருந்தேன்,
பொடிப் பொடி எழுத்தில், முக்கால் பக்கம்.
பின்பக்கத்தை அங்கே ஸ்கேன் செய்வதில்லை.
அது எனக்கு எழுதும்போதே தெரியும்.