வாயைத் திறந்தபடி

போராட்டத்தின் இருபத்து மூன்றாம் நாள்
கடைவாய்ப் பல் என்னைக் கைவிட்டது.
மணலி கேட்டில் மைக்கைப் பிடித்தேன்.
'முதல்' வந்தது, 'ஆளி' வரவில்லை.
கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.
"முதல் போதும் தோழர், ஆளி வேணாம்" என்றான் எபிநேசர்.
சிரிக்கவும் வலித்தது.

டி.எச். ரோட்டில், பாத்திரக்கடைக்கு மேல்மாடியில்
ரோசலின் தெங் கிளினிக்.
தாத்தா சைனாக்காரர். இவள் கல்மண்டபத்துக்காரி.
வஞ்சிரத்துக்குப் பேரம் பேசினால்
காசிமேடே திரும்பிப் பார்க்கும்.

சாய்ந்த நாற்காலி. முகத்தில் விளக்கு.
இருபது வருஷம் பேசிப் பிழைத்த வாயில்
ஒரு கண்ணாடி, ஒரு குழாய், நாலு விரல், பஞ்சு.
எதிர்ச்சுவரில் கறுப்பு மையில் சீன எழுத்து,
சட்டத்தின் ஓரத்தில் செல்லரித்து.
பக்கத்தில் எங்கள் சங்கத்துக் காலண்டர்:
ஆகஸ்ட் பிறந்தும் மே மாதத்திலேயே நிற்கிறார்
தாடிக்காரர்.

"அது கன்ஃபூசியஸ் சொன்னதாம் தோழர்.
எனக்குப் படிக்கத் தெரியாது, அப்பா சொன்ன அர்த்தம்தான்:
பேரைச் சரியா வை. மத்ததெல்லாம் அப்புறம்."

எனக்கா பதில் இல்லை?
அரசன் அரசனாக, அப்பன் அப்பனாக,
கும்பிடுகிறவன் கும்பிட்டபடியே.
இந்த வரிசையைக் கலைக்கத்தானே அம்மா சங்கம்?
அவரவர் இடத்தில் அவரவர் என்று
எங்கள் ஊரிலும் எழுதி வைத்தார்கள்,
எழுதியதைச் சுமந்த முதுகு எங்களுடையது
என்று சொல்ல நினைத்தேன்.
"ஆ" என்றேன்.
"இன்னும் கொஞ்சம் பெருசா" என்றாள்.

ஊசி இறங்கியது. உதடு வேறு யாருடையதோ ஆனது.
பேச முடியாதவனுக்கு யோசிக்க வாய்க்கிறது.
கண்முன்னே எங்கள் கோரிக்கை மனு,
நானே தட்டச்சு செய்தது.
ஒன்று: சம்பளச் சீட்டில் 'பயிலுநர்' என்ற சொல்லை நீக்கு.
எபிநேசர் பதினொரு வருஷமாகப் பயில்கிறான்.
கொதிகலனே அவன் கைப்பழக்கத்தைப் பயின்று தேறிவிட்டது,
அவன் இன்னும் தேறவில்லை.
கூலி, போனஸ், பி.எஃப். எல்லாம்
இரண்டிலிருந்துதான் தொடங்குகின்றன.

அட, கிழவரே.

ஆனால் பேரைச் சரிசெய்ய நீர் சொன்னது அரசனிடம்.
எங்கள் அரசன் கேட்டுக்கு உள்ளே,
பூட்டு அவன் பக்கம்.
ஒரு சொல்லை மாற்ற
ஒரு கொதிகலனை அணைக்க வேண்டியிருக்கிறது.

எச்சில் குழாயைப் பிடித்திருந்த பெண்
விளக்கைத் தள்ளினாள், பஞ்சை நீட்டினாள்,
கேட்கும் முன்பே குறட்டை எடுத்துக் கொடுத்தாள்.
"பரிமளா. கத்துக்கிறா" என்றாள் ரோசலின்.
எத்தனை வருஷமா, என்று கண்ணால் கேட்டேன்.
முகமூடிக்கு மேலே இருந்த இரண்டு கண்களும்
டாக்டரைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்தன.
குறடு இறுக்கியது.

காகிதத்தில் மடித்த பல். மூன்று வேர்.
சங்கத்துக்காரர் என்று பாதிக் காசுதான் வாங்கினாள்.
கேட்க நினைத்ததை நான் கேட்கவில்லை.
மரத்த வாய் என்று ஒரு சாக்கு இருந்தது.

தெருவில் துறைமுகத்துக்குள் போகக் காத்து
கண்டெய்னர் லாரிகள், டிரைவர்கள் அடியில் படுத்து.
சங்க அலுவலகத்தில் தாடிக்காரர் படத்துக்குக் கீழே
என் நாற்காலி காலியாக இருந்தது.
யாரும் அதில் உட்காருவதில்லை. அப்படி எங்கும் எழுதியும் இல்லை.

கூட்டுகிற, கொடி கட்டுகிற, டீ வாங்குகிற ஆள்
தூக்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்.
என்னைவிட நாலு வயது மூத்தவர்.
பதினாறு வருஷமாக எங்களுக்கு 'டேய் கன்னி'.
முழுப்பேர் என்ன? கன்னியப்பனா, கன்னிநாதனா?
சந்தா ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன்.
அவர் பேரில் ரசீதே இல்லை.

"தோழர்" என்றேன்.
உதடு ஒத்துழைக்காமல்
தோயர் என்று டீயோடு வழிந்தது.

அவர் திரும்பி
வாசலைப் பார்த்தார்,
யார் வந்திருக்கிறார்கள் என்று.