வந்தார் கூலி

நண்டு கம்பெனிக் கணக்கை முடிக்கிற நேரத்தில்
டெல்ஃப்டிலிருந்து ஒரு படம் வந்தது போனுக்கு.
அனுப்பியவர் ஹெண்ட்ரிகா. எப்படியோ எனக்கு
ஒன்றுவிட்ட அக்காவாம்.
பெட்டி பெட்டியாய் ஒரு மரம்,
வேர் மேலே, கிளை கீழே.

அடிக்கிளையில் நான்: எமரன்சி, பாம்பன் தெற்குவாடி.
விரலால் தள்ளித் தள்ளி ஏறினேன்.
வலைக்குப் போகும் அப்பா, சங்கு குளித்த அவர் அப்பா,
யாரோ ஒரு சூசை, யாரோ ஒரு சவேரி,
பிறகு திடீரென்று தலைமயிர் வெளுத்து
பீட்டர் வான் டெர் கூலே.
கீழக்கரைச் சங்குக் கிட்டங்கியில் எழுத்தர்.
வந்தது ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று,
செத்தது நாலாம் வருஷம், வயிற்றுப்போக்கில்.

அவருக்கு மேலே கயிறு திரிப்பவர், ரொட்டிக்காரர்,
ஒரு பாதிரி பெற்றிருக்கக் கூடாத மகள்,
மேலே ஒரு பிரபு,
எல்லோருக்கும் மேலே
கிரீடம் வரைந்த பெட்டி.

அந்தப் பெயர் எங்கள் ரேஷன் கார்டில் இருக்கிறது,
வந்தார் கூலி என்று.
"கூலின்னா தொழில்னு போட்ட கட்டத்துல எழுதணும்மா"
என்றார் தாலுகா ஆபீசில் ஒருவர்.
அது பெயர் சார் என்றேன்.
இரண்டு கட்டத்திலும் எழுதிக்கொண்டார்.

அண்ணன் கிரீடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.
"படகு ஏழு மாசமாக் காரைநகர்ல கிடக்கு,
ராஜா ஒரு கடுதாசி போடுவாரா கேளு."

நான் கணக்குக்காரி.
ஆளுக்கு இரண்டு பெற்றோர் என்று பெருக்கிக்கொண்டே போனால்
இருபத்தாறாம் படியில் நிற்கிறார்கள்
ஆறு கோடியே எழுபத்தோரு லட்சம் பேர், எனக்காக.
அவ்வளவு ஜனம் அன்றைக்கு அந்தப் பக்கம் ஏது?
ஒரே ஆள் பல பெட்டியில் நின்றிருக்க வேண்டும்,
எடை கூட்ட ஒரே நண்டைத்
திரும்பத் திரும்பத் தட்டில் வைப்பதுபோல்.
அப்படியென்றால் ஐஸ் உடைக்கிற மரியானுக்கும்
கிரீடத்தில் ஒரு பங்கு வரலாம்.
சொன்னேன். அவன் சம்பளம் எப்போ என்றான்.

பீட்டருக்குப் பக்கத்துப் பெட்டியில் பெயர் இல்லை.
'உள்ளூர்ப் பெண்', ஒரு கேள்விக்குறி.
கோவில் புத்தகத்தில் தேடுவீர்களா என்று கேட்டிருந்தார் அக்கா.
தேடினேன். அந்த வருஷங்களைக் கரையான் எடுத்துவிட்டது.

பீட்டரின் கிட்டங்கிப் பேரேடு ஒரு பக்கமும் அனுப்பியிருந்தார்.
பாஷை தெரியாது, எண் தெரியும்.
முப்பத்தேழு வரி, ஒவ்வொன்றும் சங்கு,
ஓரத்தில் பெண்ணுக்குச் சேலை ஒன்று, அரிசி இரண்டு மரக்கால்,
அக்கா அடியில் அர்த்தம் எழுதியிருந்தார்.
நான் கூட்டிப் பார்த்தேன், பழக்கம்.
மூன்று குறைகிறது.
மறுபடி கீழிருந்து கூட்டினேன்.
மூன்றுதான்.

அக்காவுக்குப் பதில் போட்டேன்:
பெயர் கிடைக்கவில்லை.
ஆனால் உங்கள் பீட்டரின் கணக்கில்
மூன்று சங்கு இல்லை. பாருங்கள்.
எடுத்தவளை
எனக்குத் தெரிந்த மாதிரி இருக்கிறது.